ஜீவரத்தினத்தின் வாசல் டியூட்டி

ஜீவரத்தினத்தின் கை மரத்துப்போனது முதலில் சட்டைப் பொத்தானில் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை சபைக்குக் கிளம்பும்போது, கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு டையை இறுக்குவார். கண்ணாடியில் பார்த்தால் பொத்தான் துளைக்கு வெளியே நிற்கும். இரண்டு மூன்று வாரம் இப்படி ஆனபின், "மூக்குக் கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல, நீயே போட்டு விடு" என்று மனைவியிடம் கழுத்தை நீட்டப் பழகிக்கொண்டார். ஜெயசெல்வியும் போட்டுவிட்டாள். பார்வை மங்குகிறது என்று எண்ணிக் கண் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட்கூட வாங்கினாள். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த வயதுக்கு இது நல்ல கண் என்று சொல்லி அனுப்பினார்.

கால் மரத்தது பழைய கதை. சர்க்கரை வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வீட்டுச் செருப்பில் ஒன்று சமையலறையிலேயே நின்றுவிடும். மனுஷன் ஒற்றைச் செருப்போடு ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்ப்பார். அதனால் தினமும் ஜெயசெல்வி அவருடைய இரண்டு பாதத்தையும் மடியில் தூக்கி வைத்து விரல் இடுக்கு வரை பார்ப்பாள். நர்ஸிங் ஹோமில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்ந்தவள். காலை வெட்டி எடுத்த ஆட்களைக் குளிப்பாட்டி, துடைத்து, படுக்கையில் கிடத்தியிருக்கிறாள். பாதம் பார்ப்பதில் அவளுக்குக் கொஞ்சலும் கிடையாது, முகச்சுளிப்பும் கிடையாது. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது போல அதுவும் ஒரு வேலை.

போன வருஷம் பிரேக்கை மிதிப்பதாக நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் கராஜ் கதவை உள்ளே தள்ளினார். அன்றைக்கே கார் சாவி ஜெயசெல்வியின் கைப்பைக்குப் போய்விட்டது. ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் ஊரில் கார் சாவி இல்லாத ஆள் பார்சல் மாதிரி. யாராவது ஏற்ற வேண்டும், யாராவது இறக்க வேண்டும். அவர் சண்டை போடவில்லை. கோபம்கூட வரவில்லை. கதவு மாற்ற வந்தவனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அதன் பிறகு அவருக்கென்று மிச்சம் இருந்தது சபை வாசல் ஒன்றுதான்.

சாயர்புரத்தில் பள்ளிக்கூடக் கிளார்க்காக இருந்தவர். மச்சினன் ஸ்பான்சர் பண்ணி ஹூஸ்டனுக்கு வந்தபோது தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. முதலில் கேஸ் ஸ்டேஷன், அப்புறம் ஒரு ஆஸ்பத்திரியின் பார்க்கிங் கராஜில் செக்யூரிட்டி. அங்கேயே ரிட்டயர் ஆனார். மகள் அபிகாயில் கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கிறாள். வாரம் ஒரு தரம் வீடியோவில் வருவாள். இவர் தமிழில் கேட்பார், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சாப்பாடு, மழை, பேரப்பிள்ளையின் பல். அதோடு முடிந்துவிடும்.

தமிழ் சபை வாடகைக்கு எடுத்திருந்த ஹாலுக்குள், ஆராதனை நடக்கும்போது ஒரு நாள் எவனோ கத்திக்கொண்டே நுழைந்துவிட்டான். பசியோ போதையோ தெரியாது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டான். ஆனால் அடுத்த கமிட்டிக் கூட்டத்திலேயே, டெக்சாஸில் எல்லாச் சபையிலும் இருக்கிறது, நாமும் வைப்போம் என்று பாதுகாப்புக் குழு ஒன்றை ஏற்படுத்தினார்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஆட்ரியன் தலைவன். நாகர்கோவில்காரன் ரெனிஷ் ஒரு ஆள். மூன்றாவது ஆள் ஜீவரத்தினம். செக்யூரிட்டி வேலை பார்த்தவர், காலேஜில் என்.சி.சி.யில் குறி பார்த்துச் சுட்டு மெடல் வாங்கியவர். வேறு யாரைக் கேட்பார்கள்?

அதிலிருந்து அவர் கோட் போட்டு வாசலில் நின்றார். கோட்டுக்குள் இடுப்பில் துப்பாக்கி. உள்ளே வருகிறவர்கள் பாஸ்டருக்கு முன்னால் அவருக்குத்தான் ஸ்தோத்திரம் சொன்னார்கள். "அங்கிள் நிக்கிறாரு, பயமில்ல" என்று பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே போனார்கள். வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளும் அந்த வாசலில் நிற்கிற ஆளும் ஒரே ஆளா என்று ஜெயசெல்விக்கே சில சமயம் தோன்றும்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஊருக்கு வெளியே இருக்கிற உள்ளரங்குத் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் மூன்று பேரும் சுட்டுக் காட்ட வேண்டும். நின்ற இடத்தில் நின்று அட்டையில் ஓட்டை போட்டால் போதாது. இடுப்பிலிருந்து உருவ வேண்டும், நகர்ந்துகொண்டே சுட வேண்டும், சுடக் கூடாத ஆளைச் சுடாமல் விட வேண்டும். தேறாவிட்டால் அடுத்த வாரத்திலிருந்து வாசல் கிடையாது. இது எல்லோருக்கும் பொது.

அந்தச் சனிக்கிழமை காலை ஜெயசெல்விதான் காரை ஓட்டினாள்.

"ரெனிசும் ஆட்ரியனும் போதும்லா? நீங்க எதுக்கு இன்னும்?"

"ஏன், நான் செத்தா போயிட்டேன்?"

"செத்தவங்கள யாரும் கார்ல ஏத்திக்கிட்டுப் போவ மாட்டாவ. பெல்ட்ட பாருங்க, மாட்டல."

மாட்டியாகிவிட்டது என்றுதான் அவர் நினைத்திருந்தார். குனிந்து பார்த்து, கண்ணால் பார்த்தபடியே கொக்கியைச் செருகினார்.

கூடத்தில் கடைசியில் இருந்த பெரிய அறையை ஆட்ரியன் காலை நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தான். சபையின் மடக்கு நாற்காலிகள், பழைய கைப்பைகள், அட்டை கிழிந்த பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் வேனில் கொண்டுவந்து ஆராதனை ஹால் மாதிரியே வரிசையாகப் போட்டிருந்தான். எதிரே அட்டை உருவங்கள். ஒன்றின் கையில் துப்பாக்கி, ஒன்றின் கையில் போன், ஒன்று பையை அணைத்துக்கொண்டிருக்கும் பெண்.

"ஆட்ரியன் அண்ணா, இந்த போன்காரன் நம்ம கமிட்டி செக்ரட்டரி மாதிரியே இருக்கான். எனக்குக் கை நடுங்குது, சுட்டுடுவேன் போல" என்றான் ரெனிஷ்.

"சுட்டா நீதான் அடுத்த செக்ரட்டரி. யோசிச்சுக்கோ."

வெய்ன் என்ற அமெரிக்கன் பயிற்சியாளன். தாடி, தொப்பை, குரல் மூன்றும் பெரிசு. வழக்கமான விதியைத் திரும்பச் சொன்னான்: சுடுவது என்று முடிவெடுக்கும்வரை விரல் விசையில் இருக்கக் கூடாது, வெளியே துப்பாக்கியோடு சேர்ந்து நீட்டியிருக்க வேண்டும். இதில் தவறினால் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். ஒருவர் சுடும்போது மற்றவர்கள் பின்னால், தரையில் போட்ட கோட்டுக்கு அப்பால் நிற்க வேண்டும். ஜெயசெல்வி கண்ணாடிச் சுவருக்கு வெளியே, காதுமூடியை மாட்டிக்கொண்டு, பிளாஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ரெனிஷ். டைமர் கூவியது. அவன் உருவி, பக்கவாட்டில் நகர்ந்து சுட்டான். சுடச்சுடப் பித்தளைக் கூடுகள் துப்பாக்கியிலிருந்து தெறித்துச் சுவரில் பட்டு விழுந்தன. ஒன்று அவன் காலருக்குள் போய்விட்டது. அப்படியும் துப்பாக்கியை நேராகப் பிடித்தபடி கடைசிக் குண்டு வரை சுட்டு, உறையில் போட்டபிறகுதான் குதித்தான். சட்டையை உதறிக்கொண்டு அவன் ஆடிய ஆட்டத்துக்கு ஆட்ரியன் கைதட்டினான்.

"சூடு அண்ணா! சிகரெட்டால சுட்ட மாதிரி!"

"நல்லா ஆடுற. கிறிஸ்மஸ் ப்ரோக்ராமுக்குப் பேரு குடுத்துடுறேன்."

நகர்ந்தபோது ரெனிஷின் முட்டி இடித்து நாற்காலியிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகம் கீழே விழுந்து, அவன் ஷூ நுனி அதில் பட்டிருந்தது. ஆடி முடித்ததும் திரும்பிப் போய்ப் புத்தகத்தை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றி, நாற்காலியில் வைத்துவிட்டு வந்தான். என்ன அது என்று வெய்ன் கேட்டான். புத்தகத்தில் கால் பட்டால் நாங்கள் மன்னிப்புக் கேட்போம் என்று ஆட்ரியன் விளக்கினான். துப்பாக்கி உறைக்குள் இருக்கிறவரை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் மன்னிப்புக் கேளுங்கள் என்றான் வெய்ன்.

நடக்கப் பழகும்போதே ஒட்டிக்கொள்கிற பழக்கம் அது. யாரும் யோசித்துச் செய்வதில்லை. கால் பட்டது என்று தெரிந்த நொடியில் கை தானாகக் கீழே போகும்.

அடுத்தது ஜீவரத்தினம். முதலில் டைமர் இல்லாமல், மெதுவாக ஒரு சுற்று. உருவினார். துப்பாக்கி கையில் கனமாக இருந்தது. அந்தக் கனத்தை மணிக்கட்டு சொன்னது, விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கவாட்டில் நகர்ந்தார். சுட இன்னும் நேரம் இருந்தது. ஏதோ தோன்றிக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். வெளியே நீட்டியிருக்கிறது என்று நம்பியிருந்த விரல், வளையத்துக்குள்ளே, விசையின் மேல் வளைந்து கிடந்தது. அது வேறு யாருடைய விரலோ போல இருந்தது. வெளியே எடுத்தார். வெய்ன் இடது பக்கம் நின்றிருந்தான், பார்க்கவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேருக்கும் அவர் முதுகுதான் தெரியும்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்து, அதுவும் கதவைத் தட்டாமல் போய்விட்டது. அந்தச் சுற்றைச் சுட்டு முடித்து, குண்டு மேகசினை மாற்றினார். அதையும் பார்த்துப் பார்த்துத்தான் மாற்றினார்.

டைமர் கூவியது. இந்தத் தடவை உருவும்போதே விரலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நகர்ந்தார், சுட்டார். துப்பாக்கிக்காரன் நெஞ்சில் இரண்டு. நாற்காலி வரிசைக்குப் பின்னால் போனார், மறுபடி இரண்டு. போன்காரனை விட்டார். பையை அணைத்த பெண்ணை விட்டார். கடைசியாகத் தலையில் ஒன்று. சுற்றிலும் பார்த்துவிட்டுத் துப்பாக்கியை உறையில் போட்டுத் திரும்பினார்.

வெய்ன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மற்ற இரண்டு பேரிடமிருந்தும் கிண்டல் இல்லை, கைதட்டல் இல்லை. ரெனிஷ் மட்டும் கோட்டைத் தாண்டி வந்து, அவரைக் கடந்து நாற்காலி வரிசைக்குள் போய்க் குனிந்தான். ஒரு பாட்டுப் புத்தகம் தரையில் விரிந்து கிடந்தது. எடுத்துக் கண்ணில் ஒற்றினான்.

"என்னடே?"

"ஒண்ணுமில்ல அங்கிள். புக் விழுந்துடுச்சு."

"காட்டு."

ரெனிஷ் ஆட்ரியனைப் பார்த்தான். பிறகு கொடுத்தான். திறந்த பக்கத்தின் நடுவில், குதிகாலிலிருந்து நுனி வரை, ஒரு முழு ஷூவின் அச்சு இருந்தது. தாள் அந்த இடத்தில் கசங்கிக் கிழிந்திருந்தது. ஓரத்தில் பட்டு விலகிய அடி இல்லை. ஏறி நின்று, அதன் மேலேயே திரும்பி இரண்டு முறை சுட்ட அடி.

புத்தகத்தைக் கண்ணில் ஒற்றினார். காலம் கடந்து செய்வதால் அது நடிப்பு மாதிரி இருந்தது, அவருக்கே.

"ஷூ போட்டிருந்தா தெரியாது அங்கிள். எனக்கும் பாதி நேரம் தெரியாது" என்றான் ஆட்ரியன்.

"டைமர் ஓடும்போது யாருக்குத் தெரியும்?" என்றான் ரெனிஷ், சற்று முன் ஷூ நுனி பட்டதற்கே திரும்பிப் போனவன்.

"ஆமா. தெரியாது" என்றார் ஜீவரத்தினம்.

மூன்று பேரும் தேறிவிட்டார்கள் என்று வெய்ன் சொன்னான். மூவரில் நன்றாகச் சுட்டது பெரியவர் என்றும் சொன்னான். அவர் நன்றி சொன்னார். நாளைக்கு முன்வாசல் உங்களுக்கு, பக்கவாசல் ரெனிஷுக்கு என்று ஆட்ரியன் ஏற்பாடு சொல்லிவிட்டு நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தான்.

திரும்பும்போதும் ஜெயசெல்விதான் ஓட்டினாள். ஃப்ரீவேயில் லாரிகளைத் தாண்டி, எக்ஸிட் எடுத்து, வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தினாள். இறங்கி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"பாத்தேன்" என்றாள்.

"என்னத்த?"

"உள்ள வாங்க."

ஹாலில் உட்காரவைத்தாள். அவர் காலைத் தூக்கி மடியில் வைத்து ஷூவைக் கழற்றினாள். இடது ஷூ காலி. வலது ஷூவைச் சாய்த்தபோது ஏதோ ஒன்று உருண்டு தரை ஓட்டில் விழுந்து கிணுகிணுவென்று ஓடியது. எட்டி எடுத்தாள். பித்தளைக் கூடு. ரெனிஷைக் குதிக்கவைத்த அதே ஜாதி. கணுக்காலுக்குக் கீழே, சாக்ஸ் ஒரு இடத்தில் பழுப்பாகத் தீய்ந்திருந்தது. சாக்ஸை உரித்தாள். உள்ளே கொப்புளம் எழும்பி, மேல்தோல் வழண்டு, ஈரமாக இருந்தது.

"எப்ப விழுந்துச்சு?"

"தெரியல."

"இதோட நின்னு சுட்டு, இதோட நடந்து, இதோட கார்ல வந்திருக்கிய."

அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஜெயசெல்வி குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து புண்ணைக் கழுவினாள். மருந்து வைத்து, ஒட்டாத துணியைப் போட்டு, மேலே கட்டுப்போட்டாள். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள். கை கழுவிவிட்டு வந்து எதிரே மோடாவில் உட்கார்ந்தாள். அந்தக் கூடு இன்னும் அவள் கையில் இருந்தது.

"வலது கையக் குடுங்க. கண்ண மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்க அத்தான்."

மூடினார். கையை நீட்டினார். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"ம், தொடு" என்றார்.

"தொட்டாச்சு."

கண்ணைத் திறந்தார். கூட்டின் வாய் அவருடைய ஆள்காட்டி விரல் நுனியில் அழுந்தி நின்றது. அவள் எடுத்தபோது தோலில் வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்து மெல்ல நிரம்பியது.

"பொத்தான் போடாதது இதனாலதானா? நான் கண்ணுன்னு நெனச்சு டாக்டர்ட்ட போயிட்டு வந்தேன்."



"கண்ணாடிக்குப் பின்னால இருந்து எனக்கு உங்க கால்தான் தெரிஞ்சுது. கை எனக்குத் தெரியாது. அங்க கை எப்படி இருந்துச்சு?"

நர்ஸிங் ஹோமில் வயிறு போனதா, மூத்திரம் போனதா என்று கேட்கிற அதே குரல். அந்தக் குரலுக்குப் பொய் சொல்வது கஷ்டம். அது கோபப்படாது, காத்திருக்கும்.

"மொத ரவுண்டுல வெளிய இருக்குன்னு நெனச்சேன். பாத்தா விரல் உள்ள இருந்துச்சு."

"விசைமேலயா?"

"ஆமா."

"யாரு பாத்தா?"

"நான்தான்."

ஜெயசெல்வி கூட்டை மேஜைமேல் நிறுத்தி வைத்தாள். நாளைக்கு முன்வாசலில் யார் யார் வருவார்கள் என்று இருவருக்கும் தெரியும். பிரீத்தாவின் இரட்டைப் பிள்ளைகள் ஓடிவந்து அவர் கோட்டைப் பிடித்து இழுப்பார்கள். இழுக்கிற இடம் அந்த இடுப்புத்தான்.  

"ஆட்ரியன்ட்ட நான் பேசவா, நீங்க பேசுதியளா?"

"நான் தேறிட்டேன் செல்வி. பெரியவர்தான் நல்லா சுட்டாருன்னு சொன்னான் அந்த ஆளு."

"நல்லாத்தான் சுட்டிய. நான் பாத்தேன்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சோறு வைக்கத் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் மேஜைமேல் நின்ற கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் விரலை அதன் வாயில் வைத்து அழுத்திப் பார்த்தார். வட்டம் விழுந்தது, நிரம்பியது. மறுபடி அழுத்தினார். பிறகு போனை எடுத்து, ஆட்ரியனின் பெயரைத் தேடி, விரல் பட்டதா என்று திரையைப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டு காதில் வைத்தார்.

"அங்கிள், ரீச் ஆயிட்டீங்களா?"

"ஆட்ரியன், நாளைக்கு முன்வாசலுக்கு ரெனிசப் போடு."

"ஏன் அங்கிள், உடம்புக்கு என்ன? புக் மேட்டரா? அதெல்லாம் யாரும் மனசுல வெச்சுக்கல, நாங்க..."

"வெச்சுக்கிடணும்டே. நான் அதுமேல ஏறி நின்னது எனக்குத் தெரியல. விரலும் அப்படித்தான் இருக்கு. மொத ரவுண்டுல விரல் ட்ரிக்கர்ல கெடந்துச்சு, நான் சொல்லாம இருந்துட்டேன். துப்பாக்கிய நாளைக்கு ஆன்ட்டி உன்கிட்ட கொண்டுவந்து குடுப்பா."

 போனில் ஆட்ரியனின் குழந்தை எதற்கோ அடம்பிடிப்பது கேட்டது.

"சரி அங்கிள்" என்றான் கடைசியில். "ஒருநாள்... சும்மா கன் இல்லாம, வாசல்ல நின்னு எல்லாரையும் வெல்கம் பண்ணுங்களேன்?"

"பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

அவருக்கு அழுகை வரும் என்று அவரே எதிர்பார்த்தார். வரவில்லை. ரசத்துக்குத் தாளிக்கிற மணம் வந்தது. எழுந்து போய்த் தட்டு எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசெல்வி பொத்தானைப் போட்டுவிட்டாள். மூக்குக் கண்ணாடி எங்கே என்று அவர் கேட்கவில்லை. முன்வாசலில் ரெனிஷ் கோட் போட்டு நின்றிருந்தான். தோள் கொஞ்சம் பெரிசான கோட். "ஸ்தோத்திரம் அங்கிள்" என்று சொல்லி வழிவிட்டான். கட்டுப் போட்ட காலுக்கு அகலமான செருப்பு மாட்டியிருந்ததால் ஜீவரத்தினத்துக்கு மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. பிரீத்தாவின் பிள்ளைகள் ஓடிவந்து வழக்கம்போலக் கோட்டைத் தேடினார்கள். அன்றைக்கு அவர் கோட் போடவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடினார்கள்.

வாசல் டியூட்டி வந்த பிறகு உள்ளே உட்கார்ந்து ஆராதனை பார்த்தே பழக்கம் விட்டுப்போயிருந்தது. நடு வரிசையில் ஜெயசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசல் இப்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது. கதவு திறக்கிற ஒவ்வொரு தடவையும் கழுத்து திரும்பியது. யாரோ தாமதமாக வருகிறார்கள், யாரோ குழந்தையை வெளியே தூக்கிப் போகிறார்கள். ரெனிஷ் பார்த்துக்கொள்வான்.

நாற்காலிகளின் மேல் பாட்டுப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். நேற்று வேனில் போய்வந்தவைதான். அவருக்குக் கிடைத்ததில் அடையாளம் ஒன்றும் இல்லை. கிழிந்தது வேறு யார் கையிலோ இருக்கும்.

பாஸ்டர் பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். ஜீவரத்தினம் முதலில் குனிந்து, இரண்டு செருப்பும் காலில் இருக்கிறதா, கீழே ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு எழுந்து நின்று, பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.